சைக்கிள் கொடுத்தாயிற்று, பாதை எங்கே?

பள்ளிக்கூடம் விட்ட கால் மணி நேரத்தில் தென்காசி மாவட்டத்துக் குருவிகுளம் சுற்றுவட்டாரச் சாலைகளில் அரசு கொடுத்த சைக்கிள்கள் வரிசை கட்டும். பின்னால் கேரியரில் புத்தகப் பை, முன்னால் தொங்கும் சாப்பாட்டுக் கூடை. வெள்ளைக்கோட்டைத் தாண்டித் தார் முடிகிற விளிம்புதான் பிள்ளைகளுக்கு மிச்சம். பழைய தாரின் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. பக்கத்து மண் கீழே கிடக்கிறது. பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடித்தால் பிள்ளை சைக்கிளை மண்ணில் இறக்க வேண்டும். இறக்கினால் முன்சக்கரம் சறுக்கும். மறுபடி மேலே ஏற, இறங்கி நின்று சைக்கிளைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். ஒரு முறை விழுந்து முழங்கை சிராய்த்து வந்தால் போதும், வீட்டில் சொல்லிவிடுவார்கள்: “சைக்கிள் வேண்டாம் தாயி, பஸ்ஸுலயே போயிட்டு வா.” அதன் பிறகு அந்தச் சைக்கிள் தொழுவத்தில் சாய்ந்து நிற்கும்.

தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கியது விலையில்லா சைக்கிள் திட்டம். பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் அது விரிந்தது. ஆட்சிகள் மாறியும் தொடரும் திட்டங்களில் இது ஒன்று. இவ்வளவு காலம் சைக்கிளை வாங்கிக் கொடுத்த அரசு, அதை ஓட்டுவதற்கு என்று கிராமப்புறத்தில் ஒரு பாதை போட்டுத் தரவில்லை. செருப்பைக் கொடுத்துவிட்டு முள்ளில் நடக்கவிட்டது போலத்தான் இது.

சைக்கிள் என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை. பிகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தபோது, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். குருவிகுளம் ஒன்றியத்தின் கிராமங்கள் பலவும் அப்படிப்பட்டவைதான். இங்கே ஊருக்கும் ஊருக்கும் நடுவில் கரிசல் காடு கிடக்கிறது. பேருந்து நேரத்துக்குத்தான் வரும். விட்டால் அடுத்ததற்கு விலக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

புதுக்கோட்டையை மறந்துவிட முடியாது. எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கக் காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அங்கே பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விவசாயக் கூலிகள். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனதால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அன்றைக்கு அந்தச் சாலைகளில் இவ்வளவு வண்டி இல்லை. இன்றைக்கு அதே உற்சாகம் இருந்தாலும் ஓட்ட இடம் வேண்டும். 2022-இல் நாட்டிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். இந்த எண்ணிக்கை தெரியாவிட்டாலும், பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பத் தயங்குகிற தாய்க்கு அதன் பொருள் தெரியும்.

எனவே என் கோரிக்கை இது: சங்கரன்கோவில், குருவிகுளம், கழுகுமலை, திருவேங்கடம் ஆகிய நான்கு ஊர்களையும் ஒரு சுற்றாக இணைத்துக் கெட்டியான தளம் போட்ட ஒரு பாதை வேண்டும். அதில் சைக்கிளும் நடப்பவர்களும் முதலில், மற்றவை பிறகு. நன்றாக மிதிக்கத் தெரிந்தவர் விடியலில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் முழுச் சுற்றையும் முடித்துவிடலாம். ஆனால் தினமும் முழுச் சுற்றையும் போகப்போகிறவர் யார்? ஒருவருமில்லை. நேர்ப்பாதை என்றால் அதன் இரண்டு முனைகளுக்குத்தான் ஆதாயம். சுற்றுப்பாதை என்றால் நடுவில் உள்ள எந்தக் கிராமத்துக்காரரும் தன் ஊர் விலக்கில் ஏறி, இடப்பக்கம் போனால் ஒரு டவுன், வலப்பக்கம் போனால் இன்னொரு டவுன். பள்ளிக்கூடம் ஒரு பக்கம், பூ மார்க்கெட் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம். முட்டுச்சந்து இல்லாததால் பாதையின் எந்தத் துண்டும் கேட்பாரற்றுக் கிடக்காது.

சுற்றுப்பாதை நமக்குப் புதிதும் இல்லை. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும், அதையொட்டி நடைபாதையும் விளக்குகளும் இருக்கின்றன. நடப்பவர்களை மனத்தில் வைத்து உருவான சுற்றுப்பாதை அது. அதை அகலப்படுத்தப் போனபோது மரங்களை வெட்டுவதை எதிர்த்து எழுந்த குரல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது; பாதை போடுகிறவர்கள் அதையும் சேர்த்தே பாடமாகப் படிக்க வேண்டும். கழுகுமலையிலும் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வருகிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையோரத்தில் பாதயாத்திரைக்காரர்களுக்கு நடைபாதை போட்டார்கள். தைப்பூசத்தில் அதில் நடக்கிற கூட்டம் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். மற்ற மாதங்களில் அதில் முள் மண்டுவதும் தெரியும்.

எங்கள் பக்கம் நடை ஓய்வதே இல்லை. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலுக்கு, ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு, பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்கு என்று மஞ்சளும் சிவப்புமாகக் கூட்டம் கூட்டமாக ராத்திரியிலேயே கிளம்பிவிடுவார்கள். ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநடையில் பாடுவதற்காகச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து இயற்றினார் என்பார்கள். தமிழுக்கு ஒரு தனி இசை வடிவமே கிடைக்கக் காரணமான வழி இது. இன்றைக்கு அந்த வழியில் நடப்பவர், முதுகில் ஒளிரும் பட்டையை ஒட்டிக்கொண்டு, லாரி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி ஓரம் ஒதுங்கிப் போகிறார்.

திருவிழா வருஷத்தில் சில நாள். மற்ற நாள்களில் அந்த ஓரத்தில் யார் போகிறார்கள் என்று கவனித்தால் பாதை யாருக்கு என்பது விளங்கும். விடிவதற்கு முன் தீப்பெட்டி ஆபீஸ் வேனைப் பிடிக்க விலக்குக்கு நடந்து வரும் பெண்கள். கிடைக்குத் திரும்பும் ஆடுகளை ஓட்டி வருகிறவர். களையெடுக்கப் போகிற பாட்டிமார். கேரியரில் புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பெரியவர். பாதையைச் சைக்கிளுக்கு மட்டும் என்று கோடு போட்டு ஒதுக்கினால் முதலில் இவர்கள்தான் வெளியே நிற்பார்கள். ஆகவே எல்லோருக்குமான பொதுப்பாதையாகவே அது இருக்க வேண்டும். இரண்டு சைக்கிள் எதிரெதிரே கடக்கவும் ஒருவர் ஓரமாக நடக்கவும் மூன்று மீட்டர் அகலம் வேண்டும்.

இதற்கு நிலம் எடுக்க வேண்டுமே என்பார்கள். பெரும்பகுதிக்குத் தேவையில்லை; இருக்கிற சாலைகளையே கோத்துக்கொள்ளலாம். பெல்ஜியத்தில் லிம்பர்க் என்ற மாகாணம் நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்தது. 1992-இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. சுரங்கப் பொறியாளராக இருந்த ஹ்யூகோ போலன் என்பவர் ஒரு யோசனை சொன்னார். பூமிக்கடியில் சுரங்க வழிகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுப்பது போல, மேலே கிராமத்துச் சாலைகள் சந்திக்கும் ஒவ்வொரு முக்கிலும் ஓர் எண்ணை நட்டால் என்ன? வரைபடத்தைப் பார்த்து நான்கைந்து எண்களைக் குறித்துக்கொண்டு யாரும் வழி கேட்காமல் சுற்றி வரலாம். 1995-இல் அந்த வலைப்பின்னல் திறக்கப்பட்டது. பிறகு பெல்ஜியம் முழுக்கவும் நெதர்லாந்திலும் பரவியது. புதிதாகப் போட்ட பாதை கொஞ்சம்தான். இருந்த கிராமச் சாலைகளையும் கைவிடப்பட்ட ரயில் தடங்களையும் கோத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம்.

நம் கையிலும் அந்த நூல் இருக்கிறது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து ஊருக்கு ஊர் ஒற்றைத் தடத் தார்ச்சாலை வந்திருக்கிறது. வழக்கமான அகலம் 3.75 மீட்டர். நாளுக்குச் சில டிராக்டரும் ஒரு மினிபஸ்ஸும் போகிற அந்தச் சாலைகளைச் சுற்றுப்பாதையின் உறுப்பாக அறிவித்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று பலகையும் வேகத்தடையும் வைத்தால் பாதி வேலை முடிந்தது. நடப்பவரும் சைக்கிளும் வண்டியோடு கலந்து போகும் இடங்களில் இந்த வேகம்தான் உச்சவரம்பாக இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடும் சொன்னது. தனிப்பாதை கட்டாயம் வேண்டியது நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும் துண்டுகளுக்கும், டவுனுக்குள் நுழையும் கடைசிச் சில கிலோமீட்டர்களுக்கும்தான். அங்கேதான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். சைக்கிள் பாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே விதிமுறை வெளியிட்டு, 2015-இல் அதைத் திருத்தியும் கொடுத்திருக்கிறது. பொறியாளர்களுக்கு வழிகாட்டுதல் இல்லை என்று சொல்ல இடமில்லை.

கடினம் எங்கே இருக்கிறது என்றால், மண்ணில். கரிசலில் பாதை போடுவது செம்மண்ணில் போடுவது போன்றது இல்லை. மழை பெய்தால் இந்த மண் தண்ணீரைக் குடித்து உப்பும்; பங்குனி, சித்திரையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே என்ன போட்டாலும் அது ஒவ்வொரு ஆண்டும் ஏறி இறங்கும். சாலையின் நடுப்பகுதி ஓரளவு ஈரம் மாறாமல் இருப்பதால் தப்பிக்கும். விளிம்பில்தான் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும். அதனால் எங்கள் சாலைகளில் முதலில் நீளவாக்கில் வெடிப்பதும் பெயர்வதும் ஓரம்தான், அதாவது சைக்கிள் போகிற இடம். குறுகலான சைக்கிள் பாதை முழுவதுமே இப்படிப்பட்ட ஓரம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். திறப்பு விழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று கரிசலைச் சமப்படுத்தி அதன்மேல் சிமென்ட் கல்லைப் பதித்தால், இரண்டு ஐப்பசி தாங்காது. ஒரு கல் மேலே, ஒரு கல் கீழே என்று பல்லிளிக்கும்.

செய்ய வேண்டியது பொறியாளர்களுக்குத் தெரியும். மேல் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, உப்பாத சரள் மண்ணை நிரப்பி இறுக்க வேண்டும். அல்லது கரிசலிலேயே சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்த வேண்டும். பாதையைத் தரையைவிட உயர்த்தி, இரு பக்கமும் வாய்க்கால் எடுத்து, புஞ்சைத் தண்ணீர் குறுக்கே போக ஓடைக்கு ஓடை குழாய்ப் பாலம் வைக்க வேண்டும். குழாய்ப் பாலம் வைக்கத் தவறினால் பாதை ஓர் அணையாகிவிடும். மேற்கே உள்ளவரின் உளுந்து அழுகும், அவர் கடப்பாரையால் பாதையை உடைத்துவிடுவார். உடைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. காட்டுக்குள் டிராக்டர் இறங்கும் இடங்களில் பாதையைக் கனமாகப் போட வேண்டும். மற்ற இடங்களில் கல் நட்டு நான்கு சக்கர வண்டிகளைத் தடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரே ஒரு பாரவண்டி ஏறினால் சைக்கிள் பாதையின் ஆயுள் முடிந்தது. இதெல்லாம் செலவுதான். ஆனால் இந்தச் செலவை மிச்சப்படுத்திப் போடும் பாதைக்கு ஆகும் பணம் முழுதும் வீண்.

மழை நாளில் தளம் இல்லாத வண்டிப்பாதையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். பத்தடி போவதற்குள் கரிசல் டயரில் அப்பும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இறுகும், சக்கரம் நின்றுவிடும். குச்சியால் தோண்டிவிட்டு இன்னும் பத்தடி. கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். வெயில் நாளில் முள். சீமைக்கருவேலம் பாதையோரம் எங்கும் மண்டிக் கிடக்கிறது. வெட்டிப் போட்ட கிளையிலிருந்து உதிரும் காய்ந்த முள் டியூப் வரைக்கும் இறங்கும். ஊர்ப் பஞ்சர் கடைகளில் பழைய டியூபில் ஒட்டின்மேல் ஒட்டாக இருப்பதைப் பார்க்கலாம். பாதையின் இருபுறமும் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, அந்த இடத்தில் வேம்பும் புங்கனும் வைப்பது அழகுக்காக இல்லை. நிழல் இல்லாத பாதையில் பங்குனி வெயிலில் யாரும் மிதிக்க மாட்டார்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து அடிக்கும் மேல்காற்று இன்னொரு சங்கதி. இங்கே காற்றாலைகள் முளைக்கக் காரணமான காற்று அது. கிழக்கே இருந்து சங்கரன்கோவிலைப் பார்க்க மிதிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு மிதியும் மேடு ஏறுவது போல இருக்கும். பாதையோரம் நெருக்கமாக மரம் நின்றால் காற்றின் வேகம் ஓரளவு உடையும்.

பராமரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே ஓர் உதாரணம் கிடக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் இடாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டருக்குச் சைக்கிள் நெடுஞ்சாலை போட்டு 2016 நவம்பரில் திறந்தார்கள். நல்ல எண்ணம்தான். சில ஆண்டுகளிலேயே பல இடங்களில் அது உடைந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடப்பதாகச் செய்திகள் வந்தன. இடாவாவின் சிங்கப் பூங்காவிலிருந்து தாஜ்மகாலுக்கு என்று சுற்றுலாவை மனத்தில் வைத்துப் போட்ட பாதை. வழியில் உள்ள ஊர்க்காரர் அதைத் தன்னுடையது என்று நினைக்க என்ன காரணம் இருந்தது? குருவிகுளத்துச் சுற்றுப்பாதையை நான் பள்ளிப் பிள்ளைகளிலிருந்தும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களிலிருந்தும் தொடங்குவது அதனால்தான். அன்றாடம் கால் படுகிற பாதையில் முள் கிடந்தால் அன்றைக்கே கேள்வி வரும்.

சுற்றுலா தானாக வரும். கழுகுமலையில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் இருக்கிறது. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமல் விட்டுப்போன ஒற்றைக்கல் கோயில். பக்கத்திலேயே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் வரிசையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். இவற்றைப் பார்க்க வருகிறவர் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, கம்பங்கொல்லை வழியே குருவிகுளம் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் ஊருக்கு நல்லதுதான். வந்தால் வரட்டும்.

இப்போதெல்லாம் சைக்கிளை யார் தொடுகிறார்கள், வீட்டுக்கு வீடு பைக் வந்துவிட்டதே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே ஓர் ஆபத்து இருக்கிறது. சைக்கிள் போக வழியில்லாத ஊரில் பதினைந்து வயதுப் பையன் அப்பாவின் பைக்கை எடுக்கிறான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் மூன்று பேர் ஒரே பைக்கில் பள்ளிக்குப் போவது குறையவில்லை. பேருந்து இருக்கிறதே என்றும் கேட்பார்கள். 2021 மே மாதம் முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை. அது பெரிய விடுதலை, மறுப்பில்லை. ஆனால் பேருந்து தன் நேரத்துக்கு வரும். மாலை சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருகிற பெண்ணுக்கு, தன் நேரத்துக்குப் புறப்படுகிற வாகனம் சைக்கிள் ஒன்றுதான்.

எங்கிருந்து தொடங்குவது? குருவிகுளத்துக்கும் கழுகுமலைக்கும் இடையிலிருந்து. நான்கு துண்டுகளில் இதுதான் சிறியது. நடப்பவரும் படிக்கிறவரும் வேலைக்குப் போகிறவரும் எல்லோரும் புழங்குவது. ஆனால் இந்தச் சில கிலோமீட்டருக்குள்தான் மாவட்ட எல்லை வருகிறது. ஒரு காலத்தில் இரண்டு ஊருமே திருநெல்வேலி மாவட்டம். 1986-இல் தூத்துக்குடி பிரிந்தபோது கழுகுமலை அந்தப் பக்கம் போனது. 2019 நவம்பரில் தென்காசி பிறந்தபோது குருவிகுளம் இந்தப் பக்கம் வந்தது. தென்காசி மாவட்டம் போடுகிற பாதை எல்லைக் கல்லோடு நின்றுவிட்டால் யாருக்கும் பயனில்லை. இரண்டு ஆட்சியர்களும், நெடுஞ்சாலைத் துறையின் இரண்டு கோட்டப் பொறியாளர்களும், ஒன்றியத் தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். காற்றாலை நிறுவனங்களையும் அழைக்கலாம். சமூகப் பொறுப்பு நிதி என்று சட்டப்படி அவர்கள் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, தாங்கள் காற்றை அறுவடை செய்கிற மண்ணிலேயே மரம் வைக்கவும் அதற்குத் தண்ணீர் ஊற்றவும் தரட்டும்.

அளவெடுப்பை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அறுப்பு முடிந்து காடு காலியாக இருக்கும்; புஞ்சைக்காரர் வரப்பில் நின்று எந்த ஓடை எந்தப் பக்கம் பாயும் என்று காட்டுவார்; கரிசல் வெடித்துக் கிடப்பதால் எங்கே எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்பதும் வெளிப்படையாகத் தெரியும். அந்த மாதங்களில்தான் கழுகுமலைக்குப் பங்குனி உத்திர நடையும் இருக்கும். அளவெடுக்கும் பொறியாளர்கள் ஓர் இரவு அந்தக் கூட்டத்தோடு குருவிகுளத்திலிருந்து நடந்து பார்த்துவிட்டு வரைபடத்தில் கோடு போடட்டும்.